கழுத்து கடைசியில்

இன்று காலை கறிக்கடையில் ஆட்டுத்தலை பொசுக்கும் வாடை. கடைக்காரர் தாடையைப் பிளந்து நாக்கைப் பிடித்து இழுத்தார். மூச்சுக்குழலும் அடியோடு சேர்ந்து வந்தது. "நாக்க தனியா கட்டட்டுங்களா, டாக்டரம்மா?" என்றார். நாக்கின் அடியில் லாடம்போல் வளைந்த சின்ன எலும்பு தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்த எலும்பை முதன்முதலாக நாம் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு, பிணம் அறுக்கும் கூடத்தில் ஐந்தாம் மேசை. நீ மணலூர்பேட்டை, நான் நைனார்பாளையம்; ஒரே பக்கத்துக்காரிகள் என்று ஒட்டிக்கொண்டோம். மேசையில் கிடந்தவரை நீ ஐயா என்பாய். கத்தி வைக்குமுன் தினமும், "மன்னிச்சிக்கங்க ஐயா" என்பாய். நான் சிரிப்பேன். கழுத்தில் முதல் கீறலிலேயே தோலோடு அடியிலிருந்த மெல்லிய தசையையும் நரம்பையும் சேர்த்து அறுத்துத் தள்ளினேன். இடுக்கியால் என் மணிக்கட்டில் ஒன்று போட்டாய்.

"இன்னாடி, வாழக்கா சீவற மாரி சீவிக்கினு கீற? கழுத்துல அவசரப்படாத."

மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்த அன்று எலும்புத்தூள் நம் தலைமுடியெல்லாம் படிந்தது. உனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து, கல்யாணமும் ஆகி, நீ கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாய். நான் மலைக்குக் கீழே அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைசியாக உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் டீ குடித்தோம். கழுத்தை மூட முந்தானையை இழுத்துவிட்டாய், அதற்குள் பார்த்துவிட்டேன். தாடைக்குக் கீழே பிறை பிறையாக மூன்று நகத்தடம். எனக்கு இரண்டே நொடியில் புரிந்துவிட்டது.

"இன்னாடி இது?"

"செயின் கீறிச்சி. ஜாஸ்தி யோசிக்காத. போ, உன் பஸ்ஸு கெளம்புது."

ஓடிப்போய் ஏறினேன். சன்னலோரம் இடம் கிடைத்ததில் சந்தோஷம் வேறு.

பத்து நாளில் உன்னை எங்கள் ஆஸ்பத்திரி பிணவறைக்கே கொண்டுவந்தார்கள். புடவையில் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று உன் புருஷன் வாசலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். நான் உனக்கு வேண்டியவள், கத்தியைத் தொடக்கூடாது, கதவோரம் நின்றேன். அறுக்க வந்தவர் இளம் டாக்டர். "சீக்கிரம் குடுங்க" என்று உன் புருஷன் வீட்டார் வெளியே கதவை இடித்தார்கள். அந்தக் கூச்சலில் அவர் கத்தியை நேரே உன் கழுத்தில் வைத்துவிட்டார்.

"தம்பி, நிறுத்துங்க! கழுத்து கடைசியில. மொதல்ல தலையும் நெஞ்சும்."

அவையிரண்டையும் திறந்தால்தான் கழுத்தில் தேங்கிய ரத்தம் வடியும். அதன்பிறகும் தசையில் ரத்தக்கட்டு இருந்தால், அது உயிரோடிருக்கும்போது பட்ட அடி. முதலிலேயே கழுத்தை அறுத்தால், கத்தி கசியவிட்ட ரத்தம் என்று வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

நான் சொன்னதால்தான் ரம்பம் உன் மண்டையில் இறங்கியது. அந்தச் சத்தத்தை முழுக்கக் கேட்டேன். அதற்கு முன்பே, காதிலிருந்து காதுவரை அறுத்த தோலை முன்பக்கம் மடித்துப் போட்டபோது உன் முகம் உன் தோலாலேயே மூடிக்கிடந்தது. "மன்னிச்சிக்கடி" என்றேன், வாய்விட்டே. பிறகு நெஞ்சு. கடைசியில் கழுத்து. அவசரமில்லாமல் ஒவ்வொரு தசையாகத் தூக்கினார், நீ செய்வதுபோலவே. இடதுபக்கம் ஆழத்தில் வரிசையாக நான்கு ரத்தக்கட்டு. வலதுபக்கம் ஒன்று. லாட எலும்பின் ஒரு கொம்பு ஒடிந்து, சுற்றிலும் ரத்தம் உறைந்திருந்தது. புடவைக்கு ஏது ஐந்து விரல்? வெளியே அவன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். அந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் கோர்ட்டில் என் சாட்சி. நகத்தடத்தைப் பார்த்ததைச் சொல்லப்போகிறேன். "பார்த்துட்டு ஏன்மா சும்மா இருந்தீங்க?" என்று கேட்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் நாடி பிடிக்குமுன் கழுத்தைப் பார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் காய்ச்சல் என்று வந்தாள். துப்பட்டாவைக் கொஞ்சம் தள்ளச் சொன்னேன். காதுக்குக் கீழே பிறை பிறையாக.

"செயின் கீறிச்சிங்க" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் போகவேண்டிய பஸ் வாசலில் ஹாரன் அடித்தது.

"உங்களுக்கு நேரமாவுதுங்க."

"ஆவட்டும். நீ சொல்லு."