பாதியில் நின்ற தொடர்

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு இருமல் விட்டுவிட்டது. கவலை வேண்டாம்.

நம் சின்னவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் போனில் பார்க்கும் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை அவள் கணக்கிலேயே நானும் பார்த்துவந்தேன். இந்தத் தூரத்து ஊரில், ஆய்வுக்கூடத்தில் மதியம் தனியாகச் சாப்பிடும்போது அதுதான் துணை. ஒரு தொடரில் பையன் பந்தை அடிக்கவே இரண்டு பாகம் ஆகிறது. பந்து அந்தரத்தில் நிற்க, அவன் பிறந்த கதை வளர்ந்த கதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். இந்தத் தொடர்களில் அம்மாக்கள் முதல் பாகத்திலேயே செத்துப்போகிறார்கள், இல்லையென்றால் எங்கோ தூரத்தில் வேலை பார்க்கிறார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

போன வாரம் அவள் ஒரு தொடரைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். உடம்புக்கு என்னவோ என்று போன் செய்தேன்.

"என்னை வேவு பாக்குறியாம்மா?"

"இல்லடி, பாதியில நிறுத்திட்டியேன்னு கேட்டேன்."

"அதெல்லாம் நல்லாத் தெரியுது. என் பரீட்சை எப்பன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். சிரித்துக்கொண்டேன். நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தலைவலித் தைலம் கொடுத்துவிடுங்கள். பரீட்சைத் தேதியையும் எழுதுங்கள்.

மேலதிகாரி கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். அவள் பாதியில் நிறுத்திய அந்தத் தொடரில் கப்பல் வேலைக்குப் போன அம்மா ஒருத்தி இருந்தாள். கடைசியில் வீடு திரும்பினாளா என்று சின்னவளிடம் விசாரித்துச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.