கொட்டிய தண்ணீரும் இரண்டு துண்டும்

மாப்ளே,

இன்று காலை வீட்டில் கறி வெந்தது. கொதி வந்ததும் என் மனைவி அந்தத் தண்ணீரை வடித்துத் தொட்டியில் ஊற்றினாள். ஆவியோடு எழுந்த வாசத்தில் நீ வந்துவிட்டாய். எனக்கும் இப்போது கிட்னியில் கோளாறு. உனக்குச் சொன்ன பத்தியம்தான் எனக்கும்.

காரியாபட்டிச் சந்தையில் மல்லி மூட்டைகளை இறக்கிப் போட்டதும் நேரே கறிச்சோற்றுக் கடைக்குத்தான் போவோம். சோறு வருவதற்குள் நீ ஒரு டம்ளர் எலும்புச் சாறு வாங்கிக் குடித்துவிடுவாய். "ஏலே, கறி பல்லுக்கு, சாறுதான் உடம்புக்கு" என்பாய்.

உனக்கு முடியாமல் போனபோது மதுரை ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வந்தவன் நான். பத்தியம் சொன்ன பெண் தெளிவாகத்தான் சொன்னது: "கறி சாப்பிடலாம் ஐயா, ரெண்டு சின்னத் துண்டு. எலும்புச் சாறு வேண்டாம். வேகவச்ச தண்ணியைக் கொட்டிருங்க. உப்பைக் குறைங்க."

வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாறை உனக்குக் கொடுத்தது. சீக்காளிக்குச் சாறு கொடுப்பதுதானே நம் பக்கத்து வழக்கம். உன் கால் வீங்கிக் கிடந்த அன்று, கையில் டம்ளரைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"கறி வெந்த தண்ணிய சாக்கடையில ஊத்தச் சொல்றீகளே அண்ணே, ஊரு சிரிக்காது?" என்று தங்கச்சி அழுதது.

"விடு தாயி, சாக்கடையாவது கொழுத்துட்டுப் போகுது" என்றாய் நீ. அழுத தங்கச்சியும் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது.

உன் குறை அதில்லை. தனித் தட்டுச் சாப்பாடு உனக்கு இறங்கவில்லை. திருச்சுழிப் பக்கம் உன் குலசாமிக்குக் கிடா வெட்டு வந்தது. கண்டதை அள்ளித் தின்றுவிடுவாய் என்று பயந்து, உன்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். "பந்தியில எனக்கு இடம் இல்லையாலே?" என்று என்னிடம் கேட்டாய். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

உன்னைக் கூட்டிக்கொண்டு போய், சமையல்காரரைக் கையைக் காலைப் பிடித்துத் தனிச் சட்டி வைக்கச் சொன்னேன். வேகவைத்து, தண்ணீரை வடித்து, வெங்காயம் பூண்டு வதக்கிப் பிரட்டி, உன் இலையில் இரண்டு துண்டு விழுந்தது. பக்கத்து இலையில் குவியல்.

"என்ன மாமா, சாமிக்குப் படைச்ச மாதிரி வச்சிருக்காக?" என்றான் பக்கத்தில் இருந்த உன் மருமகன்.

"நீ தின்னுப்பா. நான் ருசி பாக்குறேன்" என்றாய். நார் நாராகப் பிய்த்துத் தின்று, பந்தி எழுந்தபோதுதான் இலையை மடித்தாய். திரும்பும் வழியில், "ரெண்டே துண்டா இருந்தா என்னலே, கூட உக்காந்து தின்னேன்ல" என்றாய்.

அடுத்த கிடா வெட்டுக்கு நீ இல்லை.

இன்று மதியம் மருமகள் எனக்கு மட்டும் முன்னதாகச் சோறு போட வந்தாள். "இரும்மா, எல்லாரும் வரட்டும்" என்றேன். பேரப்பிள்ளைகளின் இலையில் குழம்பு ஓடியது. என் இலையில் இரண்டு துண்டு. கடைசிப் பேரன் இலையை மடிக்கும் வரை அதை வைத்துத் தின்றேன், மாப்ளே.