கோட்டை வாசலில் வெளியூரான்

அன்புள்ள இல்லாளுக்கு,

திருகோணமலைக்கு வந்து மூன்று நாளாகியும் கோணநாதர் தரிசனம் கிட்டவில்லை. கோயிலுக்குப் போகும் கோட்டை வாசலில் இராணுவத்தார் தமது பதிவேட்டில் என்னை வெளியூரான் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் உள்ளே போகேன் என்று திரும்பிவிட்டேன். கடலுக்கு அப்பால் நின்று பாடிய அடியாருக்கு அருளியவர், தம் காலடியில் பிறந்தவனுக்கு எட்டாதிருக்கிறார். போருக்குப் பின் நம் தெருவிலும் பாதி வீடுகள் இல்லை.

"அடையாள அட்டையில கொழும்பு விலாசம் கிடக்கு, பிறகேன் மாஸ்ரர் அவங்களோட மல்லுக்கட்டுறியள்?" என்று ஊர்ப் பதிவைப் பார்க்கும் கிராம சேவகர் ஞானசேகரம் சிரித்தார்.

"அப்படியென்றால் என்னை இங்கேயே பதியும்" என்றேன்.

"அம்மாவும் வருவாவோ?" என்று உம்மை விசாரித்தார்.

கொழும்பில் மகன் வீட்டை விட்டு வரமாட்டீர் என்பதை அறிவேன். ஆனாலும் ஓமென்று சொன்னேன்; உமது பெயரையும் எழுதிக்கொண்டார்.

நான் பொய் சொல்லிப் பழகாதவன். அதை மெய்யாக்குவது இனி உமது பொறுப்பு.

சிவசிந்தையுடன்,
உமது கணவன்