இரண்டு பேருக்கு அந்தமான்

பிப். 2, திங்கள்

மலையில் பனி. கச்சிராயபாளையம் தாண்டியதும் பேருந்துக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வாணி என் தோளில் சாய்ந்து தூக்கம். இவள் கணக்கு டீச்சர். ஆனால் பயணக் கணக்கு மட்டும் தமிழ் டீச்சர் என் தலையில்.

மே விடுமுறையில் அந்தமான். இருவரில் யாருக்காவது கல்யாணம் ஆகிவிட்டால் அப்புறம் நடக்காது. மூன்று விதமாகப் போட்டுவிட்டேன்.

தாராளம்: போக வர விமானம். ஹேவ்லாக் தீவில் கடல் பார்த்த அறை.
நடுத்தரம்: போகக் கப்பல், வர விமானம். போர்ட் பிளேரில் லாட்ஜ்.
சிக்கனம்: போக வரக் கப்பல், பொதுப் படுக்கை. சாதா லாட்ஜில் ஓர் அறை. புளிச்சோறு கையோடு.

பள்ளிக்கூடம் இருக்கும் வெள்ளிமலை வந்ததும் வாணியிடம் காட்டினேன். "மூணாவதுல லீவு பூரா கப்பல்லயே பூடுதேடி. தீவு எப்ப வரும்?"

நான் படித்த கதைகளில் தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கப்பல் உடைந்துதான் போகிறார்கள். செலவுக் கணக்கு போட்டுப் போனவர் யாருமில்லை.

பிப். 5, வியாழன்

வாணி லீவு. காரணம் சொல்லவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவரின் மரவள்ளி மூட்டை.

சாயங்காலம் போன். சின்னசேலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்களாம்.

"புடிச்சிப் போச்சாம்டி அவங்களுக்கு. ஞாயித்துக்கெழம பரிசம்."

"உனக்கு?"

"எனக்கு இன்னா. நல்லாத்தான் பேசறாரு."

வாழ்த்து சொன்னேன். ஊற வைத்த துணி அப்படியே கிடக்கிறது.

பிப். 9, திங்கள்

நேற்று பரிசம். வாணிக்கு அரக்குப் பட்டு. கேசரியில் சர்க்கரை ஜாஸ்தி. அவள் அம்மாவிடம் அந்தமான் பேச்சை நானே எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"பரிசம் போட்ட பொண்ணு கடலத் தாண்டறதா? நல்லா கேட்ட போ."

"மலைக்கு மட்டும் தெனம் போறாளேம்மா?"

"அது சம்பளத்துக்குப் போறது."

ராமேஸ்வரமாவது என்றேன். அதுவும் தீவு, கோயில் வேறு, பாலத்தின் மேல் பஸ்ஸே போகிறது.

"பாலத்துக்குக் கீழ இன்னா ஓடுது, வாய்க்காலா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. வாணியும் சிரித்தாள். அவள் அம்மா மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

பிப். 11, புதன்

எட்டாம் வகுப்பு விடைத்தாள். திருத்தியது பாதிகூடத் தாண்டவில்லை. பேருந்தில் வாணி ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவரோடு போனில். நான் ஜன்னல் பக்கம். இறங்கும்போது, "இன்னாடி பேசவே மாட்டேங்கற?" என்று என்னைக் கேட்கிறாள்.

பிப். 13, வெள்ளி

பனி விட்டுவிட்டது. காலையிலேயே வெயில். இடைவேளையில் வாணி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சிக்காதடி. கல்யாணம் ஆனப்புறம் எங்க போலாம்னு அவரு கேட்டுக்கினே இருந்தாரு. நம்ம பிளான சொன்னேன். பிளைட்டுல போறது ஒண்ணு வெச்சிருந்தியே, அத அனுப்பேன்."

"கடல் தாண்டக் கூடாதே?"

"புருசனோட போனா தாண்டலாமாம். அம்மாவே சொல்லிட்டாங்க."

அனுப்பினேன். இரண்டு பேருக்குப் போட்டது; திருத்த ஒன்றுமில்லை. பதிலுக்குச் சிவப்பு இதயம், நான்கைந்து.

வீட்டுக்கு வந்து சிக்கனக் கணக்கை ஓர் ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன். கப்பல் பாதி. சாப்பாடு பாதி. அறை வாடகை மட்டும் குறையவில்லை.