பழைய வீட்டில் சொன்ன வார்த்தை

நம்ம பையன் புவனேசனோட அப்பாவுக்கு வணக்கம். முருகன் புண்ணியத்துல நான் சுகமா இருக்கேன். ஊர்ல, சிடாம் கிரியில, உங்களுக்குக் கால் வலி தேவலையா?

போன மாசம் நான் சமைக்கிற வீட்டு பிரேமினி டீச்சர், அலோர் ஸ்டார் பழைய டவுன்ல மியூசியமாக்கி வச்சிருக்கிற ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டீச்சர் முன்னால வெளிய போயிட்டாங்க. நான் அங்க இருந்த சாமி மாடத்தைக் கும்பிட்டுட்டு, பழக்கத்துல "போயிட்டு வரேன்"னு சொல்லிட்டேன்.

"சீக்கிரம் வா"ன்னு உள்ளேர்ந்து ஒரு பொம்பளக் குரல்.

வாசல்ல இருந்த காவக்காரர், "உள்ள யாருமில்ல லா, அக்கா"ன்னு சிரிக்கிறார்.

நீங்க பயப்படாதீங்க. நம்ம கோயில் திருநீறு கொஞ்சம் அனுப்புங்க. கூடவே, வீட்டுக்கு வான்னு ஒரு வரி எழுதுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் அந்த வீட்டை விட்டுட்டு நான் நம்ம வீட்டுக்கு வர முடியும். சாமி முன்னால திரும்பி வரேன்னு வார்த்தை குடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை ஆனா கால் தன்னால அங்கதான் போகுது.

டீச்சர் கூப்பிடுறாங்க.

குணசுந்தரி