ஸ்கேனில் பதிந்த உன் கட்டைவிரல்

இன்று மதிய இடைவேளையில், எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை தான் அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்திருப்பதாகவும், பாடப்புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை என்றும் சொன்னாள். பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பழைய பாடங்களும் அதில் அப்படியே இருந்தன. நீயும் நானும் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் படித்த வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, நிலவரிப் பாடத்துக்குப் போனேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகம் மட்டும் கறுப்பாக இருந்தது. கறுப்பு வெள்ளை ஸ்கேனில் மருதாணி அப்படித்தான் தெரியும்.

"யாரோ கவனிக்காம விரலை வெச்சுட்டாங்க போல மிஸ்" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சவதான்" என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு உனக்கு நிக்காஹ் ஆனது. நீ மச்சான் என்று கூப்பிடும் உன் கணவர் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட, நீ நன்னிலத்தில் மாமியாரோடு இருந்தாய். நான் கடைத்தெருவில் ஒரு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். "வீட்டுல இருந்தே டிகிரி படிக்கலாமாம் செல்வி, சேரலாமா?" என்று நீதான் கடைக்கு வந்து கேட்டாய். முதல் வருஷப் புத்தகங்கள் தபாலில் வந்தன. இரண்டாம் வருஷத்துக்கு வரவேயில்லை. பரீட்சை நெருங்கியபோது கல்வி மையத்தில் போய்க் கேட்டோம். "ஸ்டாக் இல்லைங்க. நெட்ல ஏத்தியிருக்காங்க, பார்த்துக்கங்க" என்றார்கள்.

நெட் என்றால் நமக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த பிரவுசிங் சென்டர்தான். துணித்திரை போட்ட தடுப்புகள்; உள்ளே பெரும்பாலும் ஆம்பளைகள். கல்யாணமான பெண் அங்கே போனால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று மாமி தயங்கினார். நீ வாதாடவில்லை. "நீங்களும் வாங்க மாமி, பக்கத்துலயே உட்காருங்க" என்றாய்.

மாமி வந்தார். திரையை முழுக்க விலக்கிவிட்டு, நமக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறக்கும். நீ வாய்விட்டுப் படிப்பாய், நான் எழுதிக்கொள்வேன். மாமிக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். எட்டிப் பார்த்தவர், பக்கத்துத் தடுப்பில் ஒரு அம்மா துபாயில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதைக் கண்டுவிட்டார். "இதுல நம்ம புள்ளையும் வருவானா?" என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை உன் மச்சான் திரையில் வந்தார், கலங்கலாக, விட்டு விட்டு. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, "இன்னிக்குப் படிக்கப் போவலையா?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

நிலவரிப் பாடத்தின் நடுவில் சில பக்கங்களைக் காணவில்லை. கட்டாயம் கேள்வி வரும் பாடம் அது. வேறு பாடத்தை நன்றாகப் படித்துக்கொள்வோம் என்றேன். நீ ஒப்பவில்லை. மாமியையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினோம். நூலகத்தில் இருந்தவர் கணினியில் பார்த்துவிட்டு, "ஆமாங்க, விட்டுப்போச்சு. புத்தகம் இங்கதான் இருக்கு. ஆனா தடிமனான புத்தகம், அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும். இன்னிக்கு யாரும் இல்லைங்களே" என்றார்.

"நான் பிடிச்சுக்கறேங்க" என்றாய்.

பெருநாள் முடிந்திருந்த நேரம். உன் நகங்களில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. அவர் புத்தகத்தை ஸ்கேனர் கண்ணாடியின்மேல் கவிழ்க்க, நீ ஓரத்தைப் பிடித்து அழுத்தினாய். விரல் விழுந்துவிட்டது, திரும்ப எடுக்கலாம் என்றார். "எழுத்து தெரியுதுல்ல, விடுங்க. கடைசி பஸ்ஸை விட்டா மாமி திட்டுவாங்க" என்றாய். மாமி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அந்த வருஷம் இருவரும் தேறினோம். மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போதே உன் மச்சான் விசா எடுத்துவிட்டார். டிகிரி இல்லாவிட்டால் என்ன, உடனே கிளம்பி வா என்றார். மாமிதான் உன்னிடமிருந்து போனை வாங்கினார். "பரீட்சை எழுதிட்டுத்தான் வரும். டிக்கெட்டைத் தள்ளிப் போடு" என்றார். திருவாரூரில் நாம் பரீட்சை எழுதிய நாட்களிலெல்லாம் ஃபிளாஸ்க்கில் டீயோடு வெளியே மரத்தடியில் காத்திருந்தார்.

நீ குவைத்துக்குப் போனாய். நான் பி.எட். முடித்து டீச்சரானேன். சில வருஷம் கழித்து உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அங்கேயே வைத்தியம் பார்த்தார்கள், அங்கேயே அடக்கமும் செய்தார்கள். "முகத்தைக்கூடப் பார்க்க முடியலம்மா" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அதுதான்.

கடைசியாக நீ போனில் பேசியபோது உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை. "அவ்வளவு பாடுபட்டு வாங்கினோமே ஒரு பாடம், அதுல வரி போட்டவங்க இருக்காங்க, கட்டினவங்க இருக்காங்க. உங்க அப்பா மாதிரி நட்டு அறுத்தவங்களைக் காணோமேடி. நீ ஸ்கூல்ல நிலவரி நடத்தும்போது சேர்த்துச் சொல்லு" என்றாய்.

அந்த வருஷத்திலிருந்து சொல்கிறேன். முதல் முறை, என் அப்பா பண்ணையாளாக இருந்தவர், கூலியை நெல்லாக வாங்கியவர் என்று சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "எங்க அம்மா இப்பவும் நடவுக்குப் போறாங்க மிஸ்" என்றாள். அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்புதான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் இரண்டு எடுத்துக்கொள்கிறேன்.