இறந்த அதிகாரியின் குரல்

மார்ச் 4

என் ஊமச்சிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், குரலிலேயே தெரிகிறது.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ஆறு வருடமாக உன் அக்கா வாயைத் திறக்கவில்லை. நேற்று மதியம் நீயே சொல்லிவிட்டாய். கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருப்பவர்களுக்காக வைத்த டிவியில் அந்தப் போலீஸ் தொடர். ஏதோ வெளிநாட்டுத் தொடராம், மூன்று வருடமாகத் தமிழில் பேசவைத்து ஓட்டுகிறார்களாம். நேற்று அந்தப் பெண் அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். "அடப்பாவிங்களா, இவளையே கொன்னுட்டா அப்புறம் என்னடா கதை?" என்று பெரியவர் எழுந்தே விட்டார். நான் அப்போதுதான் டிவி பக்கம் திரும்பினேன். சாகும்போது கத்தினாளே, முகம் எவளோ ஒருத்தியுடையது. குரல் உன்னுடையது.

டிவிக்காரர்களுக்கு அனுப்புகிறேன், எப்படியும் உன்னிடம் வந்து சேரும். வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. உன் செருப்பைக்கூட நகர்த்தவில்லை. எனக்குக் கோபமில்லை.

என்றும்
உன் கணவன்


மார்ச் 13

வணக்கம்.

உங்கள் கடிதம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, என் கைக்குக் கிடைத்தது. குரல் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். என் பெயரைத் திரையில் போடுவதுகூட இல்லை. ஒரு கத்தலை வைத்து அது நான்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
நான்


மார்ச் 19

என் ஊமச்சிக்கு,

பதில் போட்டாயே, அதுவே போதும். எழுத்து மட்டும் ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது?

எப்படித் தெரியும் என்கிறாய். பழைய பகுதிகளையெல்லாம் தேடிப் பார்த்தேன். அந்த அதிகாரி அதட்டுவது, சிரிப்பது, எதுவும் நீ இல்லை. என்னிடம் அப்படியெல்லாம் பேசியிருக்கிறாயா என்ன? கடைசிக் கத்தல்தான் நீ. முதலில் மூச்சை உள்ளே இழுப்பாய், பிறகு சத்தம் பாதியில் அறுந்துபோகும். சமையலறைக் கதவிடுக்கில் உன் கையை வைத்துச் சாத்தினேனே, அன்று கத்திய அதே கத்தல். அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். டாக்டர் கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டா சார்" என்றேன். நீயும் தலையாட்டினாய். எவ்வளவு நல்லவளாக இருந்தாய்!

உன் உறையில் கூடத்தின் விலாசம் அச்சடித்திருக்கிறது. எதிரே ஒரு டீக்கடை. நேற்று மாலை அங்கேதான் இருந்தேன். நாலு பேரோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். அவர்கள் இருந்ததால் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன். தனியாக வெளியே வா.

என்றும்
உன் கணவன்


மார்ச் 22

வணக்கம்.

அந்தக் காட்சியை எட்டு முறை பதிவு செய்தோம். "நடிக்கிற மாதிரி இருக்கும்மா, சாகற மாதிரி இல்ல" என்று ஒலிப்பதிவாளர் அண்ணன் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஒன்பதாவது முறை சமையலறைக் கதவை நினைத்துக்கொண்டேன். கத்தி முடித்ததும் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "யாரும்மா அவன்?" என்று மட்டும் கேட்டார். அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். அங்கே ஆய்வாளர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஆஸ்பத்திரிச் சீட்டுல வழுக்கி விழுந்ததுன்னு இருக்கேம்மா. ஆறு வருஷம் வேற ஆச்சு. அந்த ஆளே வாயால ஒத்துக்கிட்டாத்தான் உண்டு."

அதனால்தான் எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினேன். விலாசம் அச்சிட்ட உறையில் போட்டது மட்டும் பதற்றத்தில் நான் செய்த தவறு. உங்கள் பதில் இப்போது ஆய்வாளரின் மேசையில் இருக்கிறது.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். டீக்கடையைப் பற்றிப் படித்ததிலிருந்து வெளியே தலைகாட்டவில்லை. எழுத்து ஏன் கோணுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொண்டுவந்து கொடுத்தவர் உங்கள் கடை வாசலிலேயே நிற்பார். படித்து முடித்ததும் அவரோடு கிளம்புங்கள். கடையைப் பூட்ட நேரம் கேட்டால் தருவார்.

இப்படிக்கு,
புகார் கொடுத்தவள்